சத்தம் போடாத தண்ணீர்

நைனார்பாளையத்தில் வேடியப்பன் பைப் கடை எங்கே என்று கேட்டால் பஸ் நிறுத்தத்தில் நிற்கிற யாரும் கையை நீட்டிக் காட்டுவார்கள். ஆனால் பைப்பில் கோளாறு என்று வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் வேடியப்பனை ஒரு பொருட்டாகவே மதிக்கமாட்டார்கள். "பொண்ணு இல்லீங்களா?" என்று அவர் தலைக்கு மேலே எட்டிப் பார்ப்பார்கள். பொண்ணு என்றால் தேவிப்ரியா. கரும்பு வயலில் சொட்டுநீர்க் குழாய் இழுப்பது, போர் மோட்டாருக்கு லைன் கொடுப்பது, எங்கோ மண்ணுக்கடியில் காற்று அடைத்துக்கொண்டு தண்ணீர் நின்றுபோனால் குழாயில் காதை வைத்துக் கேட்டே இடத்தைச் சொல்வது, எல்லாம் அவள்தான். படித்தது பி.காம். அந்தப் படிப்பு எதற்கு ஆயிற்று என்று வேடியப்பன் வாரத்துக்கு ஒருமுறை புலம்புவார். அவள் காதில் போட்டுக்கொள்ளமாட்டாள்.

அப்படிப்பட்டவளைக் கட்டிக்கொண்ட ஆள் அஜித்குமார். அவனுக்குச் சிங்கப்பூரில் மீன் தொட்டி அமைக்கிற கடையில் வேலை. குளத்து மீன், ஆற்று மீன் இல்லை, கடல் மீன். கூடவே பவளம் வளர்க்க வேண்டும். பார்த்தால் கல் மாதிரி இருக்கும், ஆனால் உயிர் உள்ளது. தண்ணீரில் உப்பு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் கோபித்துக்கொண்டு சுருங்கிவிடும். கல்யாணத்துக்கு நாற்பது நாள் லீவில் வந்தான், போனான். அடுத்த லீவுக்கு வந்தபோது கொரோனா வந்து விமானங்களை நிறுத்திவிட்டது. ஊரே கொரோனாவைச் சபித்த அந்த வருஷத்தில் தேவிப்ரியா மட்டும் சபிக்கவில்லை. வெளியே சொன்னால் அடிக்க வருவார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

மார்கழியில் சிங்கப்பூர் முதலாளி போன் செய்தார்.

"தை முடியறதுக்குள்ள வரேனா இல்லியான்னு சொல்லிடணுமாம். இல்லன்னா வேற ஆளப் போட்டுக்குவாங்களாம்," என்றான் அஜித்.

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"பாக்கலாம்னு சொன்னேன். இந்த டாக்டரம்மா தொட்டி ஒழுங்கா நின்னுச்சுன்னா இங்கயே நாலு பேரு கேப்பாங்க. நிக்கலன்னா... பாக்கலாம்."

அந்தப் 'பாக்கலாம்' தேவிப்ரியாவுக்குப் பிடிக்கவில்லை. போகாதீங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் இருந்துவிடுவான், அது அவளுக்குத் தெரியும். ஆனால் அப்புறம் வாழ்நாள் முழுக்க எந்தச் சண்டை வந்தாலும் 'உன்னாலதான் நின்னேன்' என்று அது வந்து நடுவில் உட்கார்ந்துகொள்ளும். அவனாகச் சொல்ல வேண்டும். சொல்லவைப்பதற்கு அந்தத் தொட்டி ஒழுங்காக நிற்க வேண்டும். அதனால் அவள் வாயை விட்டுவிட்டுக் கையை நம்பினாள்.

டாக்டரம்மா என்பது கள்ளக்குறிச்சியில் காது மூக்கு தொண்டை பார்க்கிற கோகிலவாணி. பஸ் நிலையத்துக்குப் பின்னால் புதிதாகக் கிளினிக் கட்டியிருந்தார். காது பார்க்க வரும் குழந்தைகள் வாசலிலேயே ஒப்பாரி வைக்கின்றன, உள்ளே ஒரு கடல் தொட்டி இருந்தால் வாயைப் பிளந்துகொண்டு உட்காரும் என்பது அவர் யோசனை. யோசனை நல்லதுதான். ஆனால் தொட்டி வைக்கிற கூடத்தின் சுவருக்கு அந்தப் பக்கம்தான் காது கேட்கிறதா என்று சோதிக்கும் அறை.

"அந்த ரூமுல ஊசி வுழுந்தா கூட டெஸ்ட் கெட்டுடும்," என்றார் முதல் நாளே. "தொட்டி சத்தம் போட்டுச்சுன்னா, தம்பி, நான் தயவு தாட்சண்யம் பாக்கமாட்டேன். தூக்கிக்கினு போய்டணும்."

இந்த மாதிரித் தொட்டியில் தண்ணீர் மேலே நிரம்பி வழிந்து, ஓரத்தில் உள்ள தடுப்புக்குள் விழுந்து, குழாய் வழியாகக் கீழே அலமாரிக்குள் இருக்கும் சின்னத் தொட்டிக்கு வரும். அங்கே வடிகட்டிச் சுத்தமாகி, பம்ப் அதைத் திரும்ப மேலே தள்ளும். இவ்வளவுதானே என்று தேவிப்ரியா வயலில் செய்கிற மாதிரியே ஒரே ஒரு பெரிய குழாயை இறக்கிவிட்டாள். அஜித் உப்புத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தான், கவனிக்கவில்லை. பம்பைப் போட்டதும் தண்ணீர் கடகடவென்று இறங்கியது. அவளுக்கு ஒரே பெருமை. வயலில் அந்தச் சத்தம் கேட்டால் பக்கத்து நிலத்துக்காரன் வந்து நின்று பொறாமைப்படுவான்.

டாக்டர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "இன்னாம்மா இது, கக்கூஸ்ல தண்ணி ஊத்தற மாதிரி?"

தேவிப்ரியாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அஜித் சிரிக்காமல் விளக்கினான், அதற்காகவே அவனை அவள் மன்னித்தாள்.

"கொடத்தக் கவுத்தா களக் களக்குன்னு சத்தம் வருமில்ல? தண்ணி வெளிய வர, காத்து உள்ள போக, ரெண்டும் ஒரே வாயில சண்ட போடுது. இங்கயும் அதான். தண்ணி மட்டும் போற மாதிரி கொழாய ரொப்பிட்டா சத்தமே வராது."

மூன்று குழாய் வேண்டும் என்று காகிதத்தில் வரைந்து காட்டினான். முதல் குழாயின் வாய் தண்ணீருக்குள் மூழ்கியே இருக்கும், காற்று நுழையாது. அதன் கீழே ஒரு வால்வு. பம்ப் தருகிற தண்ணீரில் ஏறக்குறைய எல்லாமே அதில் இறங்கும்படி வால்வைத் திருகி வைக்க வேண்டும். மிச்சம் இருக்கிற சொற்பத் தண்ணீர் இரண்டாவது குழாயில் உள்சுவரை ஒட்டி வழிந்து போய்விடும். மூன்றாவது குழாய் சும்மா நிற்கும். முதல் குழாயில் பாசியோ நத்தையோ போய் அடைத்துக்கொண்டால் மட்டும் அது வேலைக்கு வரும்.

"எங்கப்பா கடையில ஒக்காந்துக்கினு இருக்கற மாதிரி," என்றாள் தேவிப்ரியா.

வால்வுக்குத்தான் அலைச்சல். கடையில் இருந்ததெல்லாம் கைப்பிடியைக் கால் வட்டம் திருப்பினால் திறந்துகொள்ளும் ரகம். துளித் துளியாகத் திருக வேண்டுமென்றால் தலையில் சக்கரம் வைத்த வால்வு வேண்டும். அதில் பித்தளை ஆகாது, செம்பு கரைந்தால் பவளம் செத்துப்போகும், பிளாஸ்டிக்கில்தான் வேண்டும். சென்னையில் சொல்லிவைத்து வாங்கினார்கள். அது பார்சல் லாரியில் ஏறிய வாரம்தான் இடஒதுக்கீடு கேட்டுச் சென்னையில் போராட்டம். ரயில் நின்றது, பஸ் நின்றது, வால்வு திண்டிவனத்தில் நான்கு நாள் தங்கி இளைப்பாறிக்கொண்டு வந்தது. "போராட்டம்னா கொஞ்சம் அப்டி இப்டிதான் இருக்கும். நம்ம புள்ளைங்க படிக்கத்தான கேக்கறாங்க," என்று மருமகனுக்குப் பொறுமை சொன்னார் வேடியப்பன். அதே லாரியில் தன் கடைக்கு வர வேண்டிய குழாய்க் கட்டும் மாட்டியிருக்கிறது என்று தெரிந்ததும் அவர் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

பொங்கல் கழிந்த வாரம் மூன்று குழாயும் வால்வும் மாட்டிமுடித்து, தேவிப்ரியா அலமாரிக்குள் தலையை விட்டு உட்கார்ந்தாள். வால்வைக் கொஞ்சம் திருகுவது, முதல் குழாயில் காதை வைப்பது, இரண்டாவது குழாயில் காதை வைப்பது, மறுபடி திருகுவது. இரண்டு நாள் இதே வேலை. கிளினிக்கில் கூட்டிப் பெருக்கும் சாலம்மாள் அவளைத் தாண்டித் தாண்டிப் போய் அலுத்துப்போனாள். இரண்டாம் நாள் மத்தியானம் சத்தம் குறைந்து குறைந்து, எப்போது நின்றது என்றே தெரியாமல் நின்றுவிட்டது.

டாக்டர் உள் அறையிலிருந்து வந்து பார்த்தார். "பம்ப நிறுத்திட்டியா?"

"ஓடுது டாக்டரம்மா." தேவிப்ரியா ஒரு காகிதத் துணுக்கை மேலே போட்டாள். அது வேகமாக ஓரத்துக்குப் போய் வழிந்து மறைந்தது.

டாக்டரின் கண் விரிந்தது. ஆனாலும் டாக்டர் அல்லவா. "ஒரு வாரம் ஓடட்டும். அடுத்த வெள்ளிக்கெழம சத்தம் அளக்கற மெஷினு வெச்சுப் பாக்கறேன். அப்பதான் முடிவு."

அஜித் தலையை ஆட்டிவிட்டு, இரண்டு மீனையும் கொஞ்சம் பவளத்தையும் தொட்டிக்குள் விட்டான். தேவிப்ரியாவுக்கு மட்டும் திருப்தி இல்லை. இரண்டாவது குழாயில் சொளசொளவென்று ஒரு சின்னச் சத்தம் அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. கிட்டே போய்க் காதைக் கொடுத்தால்தான் கேட்கும், டாக்டருக்குக்கூட அது பெரிதாகப் படவில்லை. அவளுக்கோ பல்லில் மாட்டிய நார் மாதிரி உறுத்தியது.

அந்த வாரம் தொட்டிக்குக் காவலாக ஒரு ஆள் வாய்த்தார். டாக்டரின் அப்பா ஆதிமூலம். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு விவசாயம். மகள் வீட்டுக்கு வந்தவர், வெள்ளிக்கிழமை கலெக்டர் ஆபீஸ் முன்னால் அதே இடஒதுக்கீட்டுப் போராட்டம் என்று கேள்விப்பட்டதும் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார்.

"எம்பத்தேழுல ரோட்டுல மரம் வெட்டிப் போட்டப்ப நான் முன்னால நின்னவன்," என்றார் தேவிப்ரியாவிடம். "இப்ப எம் பொண்ணு, கூட்டத்துல போனா கொரோனா வந்துடும்னு கையப் புடிச்சு இழுக்குது. வூட்லயும் அடச்சு வெக்க முடியல, அதான் இங்க கொண்டாந்து மீனுக்குக் காவல் வெச்சிருக்குது."

தேவிப்ரியா தொட்டியைப் பற்றி அவருக்கு விளக்கினாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நடுவில் ஒருமுறை, "ஆங்? இன்னா சொன்ன? மாஸ்க்கக் கழட்டிட்டுப் பேசு பாப்பா, ஒண்ணும் புரியல," என்றார். அந்த வருஷம் ஊரே அப்படித்தான் கத்திக்கொண்டிருந்தது. அவள் மாஸ்க்கை இறக்கிவிட்டு மறுபடி சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குச் சோதனை. தேவிப்ரியாவும் அஜித்தும் ஒன்பதுக்கே பைக்கில் கிளம்பிவிட்டார்கள். சின்னசேலம் தாண்டும்வரை ஒன்றும் இல்லை. கள்ளக்குறிச்சியை நெருங்க நெருங்க வேனும் டிராக்டரும் கொடியுமாக ரோடு நிறைந்தது. ஊர் எல்லையில் போலீஸ் தடுப்பு வைத்து எல்லா வண்டியையும் ஓரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே நிற்கும்போதுதான் சாலம்மாளின் போன் வந்தது.

"யம்மா தேவி! தொட்டி கத்துதும்மா! பேய் வந்த மாதிரி உர்ருன்னு இழுக்குது, அப்பறம் கொஞ்ச நேரம் சொம்மா இருக்குது, மறுக்கா இழுக்குது. நான் பயந்துக்கினு ரோட்டுக்கு ஓடியாந்துட்டேன். டாக்டரம்மா வந்துட்டாங்க. மொகம் சரியில்ல!"

தேவிப்ரியா அஜித்திடம் சொன்னாள். அவன் தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கூட்டத்தையே பார்த்தான்.

"வுடு தேவி. போய்ப் பாக்கலாம். ஆகலன்னா..."

"இன்னொரு தபா பாக்கலாம்னு சொன்னீங்கன்னா நான் இங்கயே எறங்கி நடந்து போய்டுவேன்!" அவள் போட்ட கூச்சலில் தடுப்பில் நின்ற போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார். "வண்டியத் திருப்புங்க. ஏரிக்கரையில போனா காலனிப் பக்கமா ஏறும். போன வருஷம் அங்க நான் லைன் குடுத்திருக்கேன்."

ஏரிக்கரை என்று பெயர், குண்டும் குழியும்தான். எதிரே கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று ஆடி ஆடி வந்து, அதற்கு வழிவிட வயலுக்குள் இறங்கி ஏறினார்கள். இடது பக்கம் கல்வராயன் மலை மேகத்தைப் போர்த்திக்கொண்டு நிம்மதியாகப் படுத்திருந்தது. அதைப் பார்த்து அவளுக்கு எரிச்சல் வந்தது. அழுகையும் வந்தது, ஆனால் பின்னால் உட்கார்ந்து அழுதால் அவனுக்குத் தெரியாது என்பது ஒரு வசதி.

கிளினிக்கில் சத்தம் வாசலுக்கே கேட்டது. தட்டில் ஊற்றிய சூடான காப்பியை யாரோ ராட்சசன் உறிஞ்சுகிற மாதிரி ஒரு இழுப்பு, ஒரு ஏப்பம், கொஞ்சம் அமைதி, மறுபடி இழுப்பு. தொட்டி முழுக்கப் பொடிக் குமிழி. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீனும் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தன. பவளங்கள் சுருங்கிவிட்டன. டாக்டர் கையில் அளக்கும் மெஷினோடு நின்றார். பக்கத்து நாற்காலியில் ஆதிமூலம் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, முகமெல்லாம் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார்.

"இதுதான் சத்தம் போடாத தொட்டியா?" என்றார் டாக்டர்.

அஜித் அலமாரியைத் திறந்து குனிந்தான். "தேவி, வால்வு முழுசா தொறந்திருக்குது."

"யாரு தொட்டது?" தேவிப்ரியா சாலம்மாளைப் பார்த்தாள். சாலம்மாள் சத்தியம் செய்வதற்குக் கையைத் தூக்கினாள்.

"நான்தான்," என்றார் ஆதிமூலம் பெருமையாக. "வால்வத் தான கேக்கறீங்க? காலையில வந்து பாக்கறேன், மூச்சு பேச்சே இல்ல. எங்கியோ அடச்சிக்கிச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. நாப்பது வருசமா மோட்டார் கொட்டாயில படுத்தவன்மா நான். கரண்டு வந்துச்சா, தண்ணி எறங்குதான்னு கண்ணத் தொறக்காமயே சொல்லுவேன். சத்தம் இல்லன்னா தண்ணி இல்ல. அதான் வால்வ நல்லா தொறந்து வுட்டேன். இப்ப பாரு, எப்டி ஓடுது!"

தேவிப்ரியாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இந்தப் பக்கத்தில் எந்த விவசாயியைக் காவல் வைத்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பான். அவளே முதல் நாள் அந்தக் கடகடவுக்குப் பெருமைப்பட்டவள்தானே. வால்வை முழுசாகத் திறந்ததும் குழாய் பம்பை விட வேகமாகத் தண்ணீரைக் குடித்துவிடுகிறது. தண்ணீர் தீர்ந்ததும் காற்றை இழுக்கிறது. கோளாறு தொட்டியில் இல்லை.

"அப்பா! சத்தம் வரக் கூடாதுன்னுதான் ரெண்டு மாசமா இவ்ளோ பாடு!" என்று தலையில் கை வைத்தார் டாக்டர்.

இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் தேவிப்ரியாவுக்கு ஒன்று உறுத்தியது. மாஸ்க்கை இறக்கிவிட்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, காலையில சத்தமே இல்லன்னீங்களே. கிட்டக்க வந்து குனிஞ்சுதான வால்வத் தொறந்தீங்க? ரெண்டாவது கொழாயில சொளசொளன்னு ஓடிக்கினே இருக்குமே, அதுகூடவா கேக்கல?"

"ஒண்ணும் இல்லம்மா. கொழாய் மேலயே காத வெச்சுப் பாத்தேன்."

"இப்ப கத்துதே, இது எப்டி கேக்குது?"

"இது நல்லாத்தான் இருக்குது. மெதுவா, அழகா, வாய்க்கால்ல தண்ணி போற மாதிரி."

தொட்டி அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய இழுப்பு இழுத்தது. சாலம்மாள் காதைப் பொத்தினாள். ஆதிமூலம் புன்னகை மாறாமல் உட்கார்ந்திருந்தார்.

தேவிப்ரியாவுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் ஏன்தான் கேட்டோமோ என்று இருந்தது. டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் மெஷினை மேஜை மேல் வைத்துவிட்டார். மெல்ல நடந்து அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். தொட்டி அடுத்த இழுப்புக்கு முன் அமைதியாக இருந்த இடைவெளியில், மாஸ்க்கோடு, சாதாரணக் குரலில் கேட்டார்.

"அப்பா, காப்பி குடிக்கறீங்களா?"

நாளைக்கு ஐந்து காப்பி குடிக்கும் மனுஷன். மீனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். டாக்டர் இன்னொரு தடவை கேட்டார். அவர் திரும்பவில்லை.

கோகிலவாணியின் கண் நிறைந்துவிட்டது. இந்தத் தாலுக்காவில் பிறந்த குழந்தையிலிருந்து படுத்த கிழவிவரை காது பார்த்தவர். வீட்டில் அப்பா 'ஆங்? ஆங்?' என்று கேட்டபோதெல்லாம் 'மாஸ்க் போட்டா யாருக்குதான் கேக்குது' என்று அவரும்தான் சொல்லியிருந்தார்.

"தேவி," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எவ்ளோ நேரத்துல இத அடக்குவ?"

"பத்து நிமிஷம் டாக்டரம்மா."

"அடக்கு. எனக்கு அந்த ரூமு வேணும்."

தேவிப்ரியா அலமாரிக்குள் தலையை விட்டாள். இதுவரை அவள் அடைத்த எந்தக் குழாயும் இதுபோல அவளைப் பயமுறுத்தியதில்லை. முதலில் பாதி வட்டம் மூடினாள். இழுப்பு தணிந்தது. அப்புறம் நகம் அளவு, அப்புறம் அதிலும் பாதி. அஜித் மேலே நின்று தடுப்புக்குள் தண்ணீர் மட்டத்தைப் பார்த்து, "ஏறுது... இன்னும் துளி... நிறுத்து," என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன் நிறுத்து என்றபோது அவள் ஏற்கெனவே நிறுத்தியிருந்தாள். குமிழி ஒவ்வொன்றாக அடங்கியது. கூடத்தில் மின்விசிறியின் சத்தம் மட்டும் மிஞ்ச, சாலம்மாள் போய் அதையும் அணைத்தாள்.

ஆதிமூலம் லேசில் உள்ளே போகவில்லை. "எனக்கு இன்னா கேடு? ஊர்ல இருக்கறவன் சிரிப்பான். காது டாக்டருக்குச் செவுட்டு அப்பன்னு!" என்று நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். மகள் குனிந்து, மாஸ்க்கை எடுத்துவிட்டு, முகத்துக்கு நேராக ஏதோ சொன்னார். மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டதோ, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாரோ, எழுந்து போனார். டாக்டரும் மெஷினை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

கதவு மூடிக்கொண்டது. வெளியே மூன்று பேரும் பரீட்சை எழுதப் பிள்ளையை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிற பெற்றவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். எங்கோ தூரத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் கோஷம் எழும்பி அடங்கியது. இங்கே தொட்டியில் ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, ஒரு முனகல் இல்லை. மீன் இரண்டும் மூலையை விட்டு வெளியே வந்தன. தேவிப்ரியா மூச்சைக்கூட அளந்துதான் விட்டாள். தொட்டி பாஸாக வேண்டும் என்றுதான் காலையில் கிளம்பும்போது வேண்டிக்கொண்டாள். இப்போது உள்ளே இருக்கும் பெரியவருக்காக அது அமைதியாக இருந்தால் போதும் என்று தோன்றியது.

அரை மணி நேரம் கழித்து டாக்டர் மட்டும் வந்தார். கண் சிவந்திருந்தது. உதட்டில் சிரிப்பு இருந்தது.

"தொட்டி பாஸு," என்றார். "உள்ள மெஷின்ல தொட்டி சத்தம் ஒண்ணுமே காட்டல. எங்கப்பாதான் பெயிலு. மெல்லிசான சத்தம் எதுவுமே அவருக்கு எட்டல. மூணு வருஷமாவது இருக்கும். உதட்டப் பாத்தே சமாளிச்சிக்கினு இருந்திருக்காரு, மாஸ்க்கு வந்துதான் மாட்டிக்கினாரு." கொஞ்சம் நிறுத்தி, "நீ கேக்கலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது தேவி," என்றார்.

"கொழாய்ன்னா கேப்பேன் டாக்டரம்மா," என்று உளறினாள் தேவிப்ரியா.

கதவு மறுபடி திறந்தது. ஆதிமூலம் இரண்டு காதிலும் சோதனைக்கு மாட்டிவிட்ட கேட்கும் கருவியோடு வந்தார். இரண்டடி வைத்துவிட்டு நின்று காலைப் பார்த்தார். தன் செருப்பு தரையில் தேய்கிற சத்தம் அவருக்குக் கேட்டிருக்கிறது. சாலம்மாளின் வளையல் குலுங்கியதும் அவளைப் பார்த்தார், அவள் வெட்கப்பட்டுக் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். நேராகத் தொட்டியிடம் போனார். அலமாரிப் பக்கம் குனிந்தார். வெகுநேரம் அப்படியே நின்றார்.

"ஓடுது," என்றார்.

அவர் நிமிர்ந்து தேவிப்ரியாவை முறைத்தார்.

"சத்தம் போடாத தொட்டின்னு சொன்னீங்க? கீழ சொளசொளன்னு ஒண்ணு ஓடிக்கினே கீதே, அது இன்னா?"

டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அழுகையாகி, அழுகை மறுபடி சிரிப்பானது. சாலம்மாளும் சேர்ந்துகொண்டாள். தேவிப்ரியா மட்டும் சிரிக்கவில்லை. அந்த இரண்டாவது குழாயைக் குற்றம் சொல்ல இத்தனை நாளில் அவளுக்குக் கிடைத்த முதல் கூட்டாளி அவர்தான். அங்கேயே மண்டியிட்டு வால்வில் கை வைத்துவிட்டாள்.

"இத யாரு வந்து பாக்கறது?" ஆதிமூலம் இப்போது அஜித்தைப் பிடித்துக்கொண்டார். "மாட்டிக் குடுத்துட்டு நீ சிங்கப்பூருக்கு ஏறிடுவேன்னு எம் பொண்ணு சொல்லுச்சே? அப்பறம் சத்தம் வந்தா நான் யாரக் கேக்கறது?"

"நான்தான் ஐயா பாப்பேன்," என்றான் அஜித். மீனுக்கு எத்தனை வேளை தீனி போட வேண்டும் என்று சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னான். "வாரா வாரம் வருவேன். வியாழக்கெழம வியாழக்கெழம."

அலமாரிக்குள் தேவிப்ரியாவின் கை வால்வுச் சக்கரத்தின் மேலேயே நின்றுவிட்டது. மார்கழியிலிருந்து அவள் காத்திருந்த பேச்சு, தன்னிடம் சொல்லாமல் யாரோ ஒரு பெரியவரிடம், அதுவும் தொட்டி கழுவுகிற கணக்கில் சொல்லியிருக்கிறான். திரும்பிப் பார்த்தால் எல்லார் முன்னாலும் அழுதுவிடுவோம் என்று தோன்றியது. ஆனாலும் இவ்வளவு சந்தோஷத்தில் சும்மா இருக்க அவளால் முடியவில்லை.

"வியாழக்கெழம வேணாங்க," என்றாள் அலமாரிக்குள்ளிருந்தே. "அன்னிக்குக் கடைக்கு லோடு வரும், ரெண்டு பேரும் எறக்கணும். செவ்வாக்கெழம வெச்சுக்குங்க."

"சரி, செவ்வாக்கெழம," என்றான் அஜித்.